பாதி ஆட்டத்தில் கேட்காத கேள்வி

தம்பி,

கூடைப்பந்தில் பாதி ஆட்டத்து இடைவேளை பதினைந்து நிமிடம். நீ மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்குப் போன இந்த இருபது வருடத்தில் நானும் நீயும் கதைத்ததெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள்தான். ஆட்டம் நின்று விளம்பரம் தொடங்கியதும் போன் அடிக்கும். "பாத்தனீங்களோ அம்மா?" என்பாய். "பாத்தனான், பாத்தனான். அந்த நெட்டையனை ஆரடா திரும்ப உள்ளுக்கு விட்டது?" என்று நான் தொடங்குவேன். பிறகு ஆட்டம் தொடங்கும் சத்தம் கேட்டதும் "சரி அம்மா, வைக்கிறன்" என்று வைத்துவிடுவாய். நீ கலியாணம் செய்யப் போகிறாய் என்று சொன்னதும் அந்த இடைவேளையில்தான். அப்பாவின் கடைசி ஸ்கான் முடிவை நான் உனக்குச் சொன்னதும் அதற்குள்தான், அதுவும் கடைசி இரண்டு நிமிடத்தில். இன்று சொல்ல வேண்டியது பதினைந்து நிமிடத்துக்குள் அடங்காது. ஆகவே கடதாசி எடுத்துவைத்துக்கொண்டு குசினி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் சுணங்கும் என்று தெரியும். மெல்ல வாசி, அவசரமில்லை.

போன கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். வெளிப்படியில் உறைந்து கிடந்த பனிக்கு உப்புப் போட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுச் சொந்தக்காரர், அந்த இத்தாலியக் கிழவர், கீழே காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, "மதாம், வூ பார்த்தே?" என்றார். வீட்டை விட்டுப் போகிறீர்களாமே என்று கேட்கிறார். எனக்கு விளங்கவில்லை. உங்கள் மகன் போன் எடுத்தார், ஜூலை முதலாம் திகதி காலி செய்கிறீர்களாம், மிகவும் கவலை, இத்தனை வருடம் நல்ல குடித்தனக்காரியாக இருந்தீர்கள் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வுய், வுய், மெர்சி" என்று சொல்லிவிட்டு உப்புப் பையோடு மூன்று மாடியும் ஏறி வந்து, கதவைச் சாத்திவிட்டு, புரோசார்ட்டில் இருக்கும் உன் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி இன்னும் சொல்லேல்லையே அம்மா?" என்றாள் அவள். "கோடைக்கு ஆறு மாசம் அவனோட, பனிக்கு ஆறு மாசம் என்னோட. எங்கட கட்டடத்தில லிஃப்ட் இருக்குதானே. எல்லாம் கதைச்சு முடிச்சிட்டம்."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே பிள்ளை?"

"ஐயோ அம்மா, கேட்டா நீங்கள் மாட்டன் எண்டுதானே சொல்லுவியள்!"

போனை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். முதலில் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். கோதாரி, அணிகள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்கிற மாதிரி, பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ட்ரேட் பண்ணிவிட்டார்களே என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்தபோது வேறொன்று வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், சில வருடங்களுக்கு முன் நம் அணிக்காகத் தேய்ந்துபோகுமட்டும் ஆடிய ஒருவனை இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்துத்தான் அறிந்தானாம். அன்று நான் ஆடிய ஆட்டத்தை நீ கேட்டாய்தானே. "ஒரு சொல்லுக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்? அவன் என்ன தளபாடமே, தூக்கி அங்க வைக்க?" என்று போனில் கத்தினேன். நீ, "அது பிஸ்னஸ் அம்மா. எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்" என்றாய். அந்தச் சொல்லில் என்ன இருந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாத மாதிரி அடுத்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

நான் எப்படி இந்தப் பைத்தியத்துக்குள் விழுந்தேன் என்று உன் மனைவி ஒருமுறை கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்தால் மூன்று விநாடிக்குள் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைத்திருந்தால் நடுவர் விசில் ஊதிவிடுவார். இங்கே வந்து, கார்தெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், முப்பது பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து சோபாவில் விழும்போது, ஒன்பது வயதில் நீ தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருப்பாய். "பந்தைக் குடுடா, கள்ளப்பயலே, பக்கத்தில நிக்கிறான் பார்!" என்று நான் கத்தத் தொடங்கியது அப்போதுதான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றிலிருந்து இருவரும் ஒரே சோபாவில்தான் பார்த்தோம்.

ஓர் அணியை எப்படிக் கட்டுவது என்பதில் உனக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. நீ எண்களைப் பார்க்கிறவன். எத்தனை எறிந்தான், எத்தனை விழுந்தது, சம்பள வரம்புக்குள் எத்தனை பேரை அடைக்கலாம் என்று கணக்குச் சொல்லுவாய். நான் பார்ப்பது யார் யாருக்குப் பந்து கொடுக்கிறான் என்பதை. பெயர்போன மூன்று பேரை வாங்கிப்போட்டால் வெற்றி என்று நினைக்கிற மனேஜரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து பேரும் சோறே வடித்துக்கொண்டிருந்தால் கறி யார் வைப்பது? புதுப் பெடியன்களை அணிகள் வரிசையாகத் தெரிவு செய்கிற ட்ராஃப்ட் நாளிலும் அப்படித்தான். நீ கைநீளத்தையும் பாய்ச்சலையும் சொல்லுவாய். கோச் வெளியே கூப்பிட்டு இருத்திய பிறகு அந்தப் பெடியன் என்ன செய்கிறான் என்று காட்டு, எழும்பி நின்று மற்றவனுக்குக் கை தட்டுகிறானா, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு குந்துகிறானா, அதைப் பார்த்து நான் சொல்லுகிறேன் என்பேன். வருங்கால ட்ராஃப்ட் தெரிவுகளுக்காக இருக்கிற ஆளை அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது. இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கிற வேலை. இதையெல்லாம் எத்தனை இடைவேளையில் உனக்கு ஓதியிருப்பேன்! ஊருக்குத்தான் உபதேசம். நான் என் வீட்டில் செய்ததை எடுத்துப் பார்த்தால் அந்த மனேஜர்மாரெல்லாம் தெய்வங்கள்.

உனக்குப் பதினைந்து வயது. மாமா, என் அண்ணை, ரொறன்ரோவிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தார். தன் மகளுக்கு, உன் மச்சாளுக்கு, இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, பெட்டையைத் தனிய ஹொஸ்டலில் விட ஏலாது, உன்னோட வச்சிருப்பியோ என்று கேட்டார். எங்களுக்கு இருந்தது இரண்டு அறை. அக்காவும் அப்போது வீட்டில்தான். நீயோ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தடுக்கி விழுந்துகொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் விட்டால் பள்ளி அணியின் கோச்சோடு பூங்காவுக்குப் பின்னால் இருக்கிற கூடைப்பந்துத் திடல், இருட்டினால்தான் வீடு. எங்கள் பகுதியான மொன்றியல் நோரில் பெடியன்கள் குழுச் சண்டைக்குப் போய்க் கெடுகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் கோயிலில் கதைப்பதைக் கேட்டுவிட்டு, நீ வருமட்டும் யன்னலடியில் நிற்பேன். "அப்ப நீங்கள் என்ர பெடியனை எடுங்கோ அண்ணை, அங்க இங்கிலீஷில படிக்கட்டும்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. மூன்று விநாடியில் பந்தைக் கொடுத்துப் பழகியவள்தானே.

அதற்குப் பிறகு நாங்கள் கதைத்த கதையை நினைத்தால் கூசுகிறது. உன்னைப் பற்றி நான் அவருக்கு ஒப்புவித்தேன்: கெட்டிக்காரன், வாய் காட்டமாட்டான், மரக்கறி தின்னப் பஞ்சிப்படுவான். அவர் மச்சாளைப் பற்றிச் சொன்னார்: அமைதியான பிள்ளை, நல்லாப் படிப்பாள், விடிய எழுப்புறதுதான் கஷ்டம். கடைசியில், தன் பிள்ளைக்குக் கூடச் செலவாகும் என்று நினைத்தாரோ என்னவோ, "எங்கட பெரிய ஃப்ரீசர் சும்மா கிடக்குது, அதையும் கொண்டு வாறன்" என்றார். எனக்குச் சந்தோஷம். மீன் வாங்கிப் போடலாம் என்று யோசித்தேன். இப்போது நினைத்தால், பெரிய ட்ரேட்டில் சமன் வரட்டும் என்று கடைசியில் ஒரு பெயர் தெரியாத ஆட்டக்காரனைச் சேர்ப்பார்களே, அது மாதிரி அந்த ஃப்ரீசர்.

அப்பா மட்டும்தான் சொன்னார். உணவகத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "பெடியனை ஒருக்காக் கேளன்" என்றார். "பிள்ளையளைக் கேட்டே குடும்பம் நடத்திறது?" என்று சீறினேன். உனக்குச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், நாள் வரவே இல்லை. மச்சாள் முந்திக்கொண்டாள். உன்னோடு போனில் கதைக்கும்போது, "உன்ர அறையில எத்தினை யன்னல் இருக்கு?" என்று கேட்டாளாம். நீ குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "ஏன் அம்மா அவள் என்ர யன்னலை எண்ணுறாள்?" என்றாய். நான் நிமிராமலே சொல்லி முடித்தேன். நீ போய்த் தொலைக்காட்சியைப் போட்டாய்.

ஓகஸ்ட் கடைசியில் மாமா வானில் மச்சாளையும் ஃப்ரீசரையும் கொண்டுவந்து இறக்கினார். நாலு பேர் பிடித்து அந்த ஃப்ரீசரை மூன்று மாடி ஏற்றினார்கள், அதில் நீயும் ஒருவன். பிறகு அதே வானில் உன்னை ஏற்றிக்கொண்டு போனார். வானின் கதவைச் சாத்துமுன் நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "அம்மா, கோச்சுக்குச் சொல்லிட்டியளோ?" நான் "ஓம்" என்றேன். நான் சொல்லவில்லை, தம்பி. அந்த மனிதரின் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

செப்டம்பரில் அவர் வந்தார். இதை நான் உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. ஹெயிட்டியிலிருந்து வந்த உயரமான மனிதர், மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்க வாசலில் நின்றார். நீ பயிற்சிக்கு வரவில்லை, உடம்புக்கு வருத்தமா என்று கேட்க வந்தவர். என் பிரெஞ்சு அப்போது கடையில் பாண் வாங்குகிற அளவுதான். மச்சாள்தான் மொழிபெயர்த்தாள். நீ ரொறன்ரோவுக்குப் போய்விட்டாய் என்று கேட்டதும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு பொக்கற்றிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினார். வருகிற பருவத்துக்கு முதலில் இறங்குகிற ஐந்து பேரின் பெயர். மேலே உன் பெயர்.

"மாமி, இவனை வச்சுத்தான் மற்ற நாலு பேரையும் யோசிச்சவராம்," என்றாள் மச்சாள். "இவனுக்குத்தான் பந்து குடுக்கத் தெரியுமாம். இவனைக் கப்டனாப் போட இருந்தவராம். போன் நம்பர் கேக்கிறார் மாமி."

நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் எடுப்பார், எடுத்தால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று பயம். "மெர்சி, மெர்சி" என்று தலையை ஆட்டி ஆட்டிக் கதவைச் சாத்தினேன். அதற்குள் அவர் கடதாசியை மச்சாளின் கையில் வைத்துவிட்டார். படியில் அவர் இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. "இதை அவனுக்குச் சொல்லாதை, படிக்கிற பெடியன்ர மனம் குழம்பும்" என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். பாவம், அவள் இப்போது கர்க்லாண்டில் பல் வைத்தியர், இரண்டு பிள்ளைகளின் தாய், இன்னும் அந்தச் சத்தியத்தைக் காக்கிறாள். அவளோடு கோபிக்காதே. அது என் பிழை.

அந்தப் பனிக்காலத்தில் ஓர் இடைவேளையில் நீ சொன்னாய், "கோச் என்னைத் தேடவே இல்லைப் போல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உலகம் அப்பிடித்தான் தம்பி" என்றேன். சொல்லிவிட்டு, அன்றைய ஆட்டத்தில் ஒருவரும் பின்னால் ஓடிவந்து தடுக்கவில்லை என்று குறை சொல்லத் தொடங்கினேன். "என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை" என்ற எண்ணத்தோடு நீ இருபது வருடம் நடந்திருக்கிறாய். உன்னைத் தேடி மூன்று மாடி ஏறி வந்த ஒரு மனிதரை நான் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினேன். இதற்கு மன்னிப்புக் கேட்கிற வயது எனக்கு வந்துவிட்டது. மன்னித்துக்கொள், ராசா.

மாமாவைக் கேட்டால் இரண்டு பக்கமும் வென்ற ட்ரேட் என்பார். நீ அங்கே படித்து எஞ்சினியராக வந்தாய். மச்சாள் இங்கே படித்து வைத்தியரானாள். ஃப்ரீசர்கூட இன்னும் ஓடுகிறது. ஐந்து வருடம் கழித்து யார் வென்றது என்று தொலைக்காட்சியில் மேசையைச் சுற்றி இருந்து கதைப்பார்களே, அவர்களும் எனக்கு நல்ல புள்ளிதான் போடுவார்கள். ஆனால் நீ போனபிறகு இந்த வீட்டை "எங்கட வீடு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "உங்கட வீட்டை வாறம் அம்மா" என்பாய். உன் மகள் பிறந்தபோதும் அப்படித்தான் சொன்னாய். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று குத்தும். கேட்க வாய் வராது.

இப்போது நீயும் அக்காவும் செய்ததற்கு வருகிறேன். என் முழங்கால் போய்விட்டது. தை மாதம் அந்த வெளிப்படியில் சறுக்கி விழுந்து, இரண்டு கிழமை நான் சோபாவை விட்டு எழும்பவில்லை. நீங்கள் பயப்பட்டது நியாயம். ஒருவேளை நீங்கள் எடுத்த முடிவும் சரியாக இருக்கலாம், நான் எடுத்தது சரியாகப் போனது மாதிரி. இந்த நகரத்தில் ஜூலை முதலாம் திகதி ஊரே கட்டில், மெத்தையோடு தெருவில் நின்று வீடு மாறும். அதே கிழமைதான் லீக்கில் ஆட்டக்காரர்களும் அணி மாறுவார்கள். அதை வைத்து நீயும் நானும் எத்தனை பகிடி விட்டிருக்கிறோம். இந்த வருடம் நானும் அந்தப் பட்டியலில் ஒருத்தி என்று சொந்தக்காரர் வாயால் கேட்டபோது, உப்புப் பையைப் பிடித்தபடி நின்ற எனக்கு, குசினி வாசலில் நின்ற உன் முகம்தான் தெரிந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுட்டது, தம்பி. நன்றாகவே சுட்டது.

தாய் என்ற முறையில் ஒரு புத்தி சொல்ல இடம் உண்டென்றால் இதுதான். உன் மகளுக்கும் பதினைந்து வயது வரும். அவளுக்கு எது நல்லது என்று உனக்கு அவளைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் கேள். அவள் மாட்டேன் என்று சொன்னால் சண்டை பிடி, அழவிடு, நீயும் அழு. கடைசியில் நீ நினைத்ததையே செய்தாலும் பரவாயில்லை. ஆனால் அவள் தன் சங்கதியை இன்னொருத்தி யன்னல் எண்ணுகிறபோது அறியக்கூடாது. நல்ல அணிகளில் சில ஆட்டக்காரர்களுக்கு ஓர் உரிமை எழுதிக் கொடுப்பார்கள், அவன் சம்மதிக்காமல் அவனை மாற்ற முடியாது என்று. நீ அதை மடத்தனம் என்பாய், அணியின் கையைக் கட்டிவிடும் என்பாய். நானும் உன்னோடு சேர்ந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லமாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு அந்தக் கடதாசியையும் வைத்திருக்கிறேன். ஃப்ரீசரின் உத்தரவாதப் பத்திரம் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் இருபது வருடம் இருந்தது. மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, ஆனால் ஐந்து பெயரும் வாசிக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். கோச் ஓய்வு பெற்றுவிட்டாராம், இதே பகுதியில்தான் இருக்கிறாராம். பூங்காவுக்குப் பின்னால் கோடையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாராம். இந்த முறை பெயரைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். உனக்கு விருப்பமென்றால் தருவேன்.

வீட்டுச் சொந்தக்காரர் வருடாவருடம் தருகிற வாடகைப் படிவம் என் முன்னால் இருக்கிறது. மூன்று கட்டம். கூட்டிய வாடகைக்கு இருக்கிறேன், வாடகை கூடாமல் இருக்கிறேன், போகிறேன். மாத முடிவுக்குள் ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் இன்னும் போடவில்லை. நீ நினைக்கிற மாதிரிப் பிடிவாதத்தில் இல்லை. உன் வீட்டுக்கு வர எனக்கு ஆசை இருக்கிறது. ஒரே சோபாவில் இருந்து, இடைவேளைக்குக் காத்திராமல், உன்னோடு முழு ஆட்டமும் பார்த்து எத்தனை காலம்!

வியாழக்கிழமை ஆட்டம் இருக்கிறது. வழமை போல எடு. ஆனால் அன்று ஆட்டத்தைப் பற்றிக் கதைக்க வேண்டாம். முதலில் நான் உன்னை ஒன்று கேட்பேன், அப்பா கேட்கச் சொன்னதை. உனக்கு அன்றைக்குப் போக விருப்பமாடா? இருபது வருடம் பிந்திக் கேட்கிறேன், என்ன பதில் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு நீ என்னைக் கேள். ஓம் என்பேனோ, மாட்டேன் என்பேனோ, எனக்கே இன்னும் தெரியாது. பேனையைப் படிவத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். பதினைந்து நிமிடம் முடிந்தாலும் வைத்துவிடாதே. நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத்தான் இருப்பேன்.

அம்மா